பொட்டு வைத்த மதர்போர்டு

என் கணவர் ரிக் வண்டியில் இருக்கிறார். ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு வருடத்தில் முக்கால்வாசி நாள் மத்தியப் பிரதேசத்திலோ சத்தீஸ்கரிலோ கழியும். மழை பிடித்து அங்கே வயலெல்லாம் சேறாகி, லாரி இறங்க முடியாமல் போகும்போதுதான் ஊருக்கு வருவார். திருச்செங்கோட்டைச் சுற்றி இருக்கிற பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பாதி வீடுகளில் இதே கதைதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போன வருடம் எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நாள்.

அந்த நாற்பது நாளும் என்ன பேசிக்கொள்வது என்பதுதான் என் கவலை. கேட்டால் சிரிப்பு வரும். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருந்த ஆறு மாதத்தில், நாங்கள் இருவரும் ஃபோனில் ஒரு கார் பந்தய விளையாட்டு ஆடினோம். அவர் ஏதோ ஒரு காட்டில் ரிக் நிழலில் உட்கார்ந்துகொண்டு, நான் சேலத்தில் வேலைக்குப் போய்வந்த ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு. பேசத் தெரியாத இரண்டு பேர் "ஓவர்டேக் பண்ணுங்க", "அய்யோ, பிரேக்கப் புடிங்க" என்று கத்திக் கத்தித்தான் பழகினோம். மகள் பிறந்த பிறகு பேச்சே மாறிவிட்டது. காய்ச்சல் எத்தனை, இட்லி எத்தனை, எடை ஏறியதா. அவர் கேட்பார், நான் சொல்வேன். வார்டு நர்ஸ் டாக்டரிடம் ஒப்பிப்பது போல இருக்கும். ஃபோனை வைத்த பிறகு, வேறு ஏதாவது பேசியிருக்கலாமே என்று தோன்றும். என்ன பேசியிருக்கலாம் என்று மட்டும் தோன்றாது.

அப்படியிருக்க, ஒரு நாள் அவரே சொன்னார்: "இந்தத் தடவ வந்ததும் ஒரு கம்ப்யூட்டர் ரெடி பண்ணி, ரெண்டு பேரும் ஒக்காந்து பழையபடி ஆடலாம் புள்ள."

அவர் போகிற போக்கில் சொன்னதுதான். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் வந்து இறங்கும் அன்றைக்கு அது ஓட வேண்டும். வந்த பிறகு வாங்கி, மாட்டி, கோளாறு பார்த்து என்று ஆரம்பித்தால் நாற்பதில் பத்து நாள் அதற்கே போய்விடும்.

"நீதான கம்ப்யூட்டர் படிச்சவ. நீயே பாத்து எடு" என்று முழுப் பொறுப்பையும் என் தலையில் வைத்துவிட்டார்.

படித்தவள்தான். ஆனால் எங்கள் வீட்டில் காய்ச்சல் பார்க்க மூன்று தெர்மாமீட்டர் இருக்கிறது. முதலாவது சொல்வதை நம்பாமல் இரண்டாவது வாங்கினேன். இரண்டும் வேறு வேறாகச் சொன்னதால் மூன்றாவது. இப்போது மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும். நான் கடைசியில் கையை வைத்துத்தான் பார்க்கிறேன். இப்படிப்பட்டவள் கையில் ஒரு கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுக்கும் வேலை வந்தால் என்ன ஆகும்?

பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, கேபினெட் எல்லாம் ஒரே வாரத்தில் முடிவாகிவிட்டன. மதர்போர்டு மட்டும் மூன்று வாரம் இழுத்தது. மற்றவை தனித்தனிச் சாமான்கள். ஒன்று சரியில்லை என்றால் அதை மட்டும் கழற்றலாம். மதர்போர்டு அப்படியல்ல, எல்லாமே அதன் மேல்தான் உட்காரும். அது தவறினால் லாரியைப் பிரித்துச் சேசிஸை மாற்றுகிற கதைதான்.

மகளுக்கு ஊட்டும்போதெல்லாம் வீடியோ பார்த்தேன். தமிழில் ஒருவர் "இந்த போர்டுதான் பெஸ்ட்" என்பார். இந்தியில் ஒருவர் அதே போர்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொள்வார். மகளின் தடுப்பூசிக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு அட்டவணை எழுதினேன். அடித்து அடித்து, கடைசியில் இரண்டு போர்டு மிஞ்சின. ஒன்றில் மெமரி செருக நான்கு இடம், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகுதியும் உறுதி. ஆனால் வைஃபை கிடையாது, இன்டர்நெட்டுக்குக் கேபிள்தான் செருக வேண்டும். இன்னொன்றில் வைஃபை உண்டு. ஆனால் மெமரிக்கு இரண்டே இடம், மற்றவையும் கொஞ்சம் மட்டம். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை. விலையாவது கைகொடுத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

ஒரு புதன்கிழமை, மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். ஃபேர்லேண்ட்ஸில் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நான் நோட்டைப் பிரித்ததும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார்.

"மேடம், இதுல பென்டாவேலன்ட் மூணாவது டோஸ்னு போட்டிருக்கு."

"அது அந்தப் பக்கமுங்க. திருப்புங்க."

அட்டவணையை முழுக்கப் படித்துவிட்டு, "நான் கடையில வெச்சிருக்கறதவிட நீங்க நல்லா எழுதியிருக்கீங்க. அப்புறம் என்னங்க சந்தேகம்?" என்றார்.

"எது வாங்கறதுன்னுதானுங்க."

அவர் சிரித்துவிட்டார். நான் நாலு இடம் உள்ளதை எடுத்தேன். மெமரியைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம், மின்சாரப் பகுதி உறுதியாக இருந்தால் எங்கள் ஊர் கரண்டுக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பில் போடும்போது, "மாத்தணும்னா ஒரு வாரத்துக்குள்ள எடுத்துட்டு வாங்க. பிரிச்சுப் பாத்திருந்தாலும் பரவால்ல, போர்டு புதுசா இருந்தாப் போதும்" என்றார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். மாற்ற முடியும் என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது.

பஸ் ஆட்டையாம்பட்டியில் நின்றது. முறுக்குப் பொட்டலங்களை ஜன்னல் ஜன்னலாக நீட்டினார்கள். மடியில் மதர்போர்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு பொட்டலம் வாங்கினேன். ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டதும், தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் மோடம் ஹாலில், டிவி பக்கத்தில். ஹாலை அடுத்து மாமியார் அறை. அதற்கும் அந்தப் பக்கம், கடைசியில், எங்கள் அறை. கம்ப்யூட்டர் எங்கள் அறையில்தான் இருக்க வேண்டும். ஹாலில் வைத்தால் மாமியார், மாமியாரைப் பார்க்க வருகிறவர்கள், பால் ஊற்ற வருகிறவர் என்று எல்லோர் முன்னாலும் "பிரேக்கப் புடிங்க" என்று நான் எப்படிக் கத்துவேன்? எங்கள் அறையில் என்றால் கேபிள் எப்படி வரும்? மாமியார் அறை வழியாகவா? அவர் கட்டிலைச் சுற்றியா? வைஃபை போர்டைத்தான் வாங்கியிருக்க வேண்டும். வைஃபைக்கென்று தனியாகச் செருகிக்கொள்ள விரலளவுக் குச்சி மாதிரி ஒன்று விற்கிறார்கள். ஆனால் பந்தயத்தில் அது திக்கித் திக்கி நிற்கும் என்று மூன்று வீடியோவில் பார்த்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சனிக்கிழமை போய் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். மாமியாரிடம் சொல்லவில்லை. வாங்கி வந்த அன்றே மாற்றப்போகிறேன் என்றால், இந்தப் பெண்ணுக்கு ஒன்றிலும் நிலை இல்லை என்று நினைப்பாரே. மற்ற பெட்டிகளோடு அதையும் அலமாரியில் வைத்தேன். ஒரு தடவை திறந்து பார்த்தேன், அவ்வளவுதான். அதுவும் முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு, போர்டை ஓரத்தில் மட்டும் பிடித்து. விரல் பட்டால் கெட்டுவிடும் என்று படித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மகளுக்குத் தடுப்பூசி. ஆஸ்பத்திரியில் கூட்டம். அவள் அழுது முடித்துத் தோளில் தூங்கியபடி வர, வீட்டுக்குள் நுழையும்போதே சாம்பிராணி வாசனை. மாமியாரின் அறையில் சாமி அலமாரி திறந்திருந்தது. முருகன் படத்துக்கு முன்னால், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது என் மதர்போர்டு. நான்கு மூலையிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். நடுவில் பெரிதாக ஒரு பொட்டு. மேலே உள்ள இரும்புப் பட்டையிலும் ஒரு பொட்டு வைத்து, ஒரு முழம் செவ்வந்திப்பூ சுற்றியிருந்தது.

மாமியார் கற்பூரத் தட்டோடு திரும்பினார்.

"வந்துட்டியா சாமி? ஊசி போட்டாங்களா? அழுதாளா?"

"அத்தை, இது..."

"புதுச் சாமான் ஊட்டுக்கு வந்து மூணு நாளாச்சு. பொட்டு வெக்காம அப்படியே அலமாரிக்குள்ள போட்டு வெச்சிருக்கற. அவன் வந்து ஆளப்போற சாமானு. வெள்ளிக்கெழமை நல்ல நாளு, நானே வெச்சுப்போட்டேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் எதற்குப் பொட்டு வைக்கவில்லை? ரிக், கம்ப்ரசர், ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் உண்டு. மகளின் நடைவண்டிக்குக்கூட வைத்தோம். அப்போது தட்டைப் பிடித்தவள் நான்தான்.

"பெட்டி பெட்டியா இருந்துச்சே அத்தை, இதை மட்டும் ஏனுங்க எடுத்தீங்க?"

"நீதான சொன்ன, இதுதான் எல்லாத்துக்கும் தாய்னு. தாய்க்கு வெச்சா போதுமில்ல?" என்றவர், நான் இன்னும் பாராட்டவில்லையே என்று நினைத்தாரோ என்னவோ, "ஒரே தூசியா இருந்துச்சு. ஈரத் துணியில நல்லாத் தொடச்சுப்போட்டுத்தான் வெச்சேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு, போர்டை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்குப் போனேன். இப்போது ஓரத்தில் பிடிப்பதா நடுவில் பிடிப்பதா என்ற கேள்வியே இல்லை. கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"மேடம், நாங்களும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வெப்போங்க. பெட்டி மேல வெப்போம். போர்டு மேல யாரும் வெச்சுப் பாத்ததில்ல."

"மாத்திக்க முடியுங்களா?"

"சந்தனம் வெச்ச போர்ட நான் யாருக்குங்க விக்கறது? பூஜை பண்ணதத் திருப்பி வாங்குனா எனக்கும் நல்லதில்ல, உங்களுக்கும் நல்லதில்ல." பிறகு குரல் இறங்கியது. "நடுவுல கருப்பு பிளாஸ்டிக் மூடி ஒண்ணு இருக்குமே, அது இருக்குதா?"

பார்த்தேன். பெரிய பொட்டு அந்த மூடியின் மேல்தான் இருந்தது. அதற்கு அடியில்தான் பிராசசர் உட்காரும் இடம். மயிரிழை போல ஊசி ஊசியாக இருக்கும். மூடி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் சந்தனம் அந்த ஊசிகளின் மேல் விழுந்திருக்கும்.

"மூடி மேலதாங்க பொட்டு."

"அப்ப உங்க மாமியார் கைராசிக்காரங்க. மெடிக்கல்ல ஸ்பிரிட் வாங்கி, இயர் பட்ஸால மெதுவாத் தொடைங்க. ரெண்டு நாள் ஃபேனுக்கு அடியில காய விடுங்க. அவசரப்பட்டு கரண்டு குடுத்துறாதீங்க."

இயர் பட்ஸுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. மகள் தூங்கிய மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு மூலையாகத் துடைத்தேன். கிராபிக்ஸ் கார்டு செருகும் நீளப் பள்ளத்தின் ஓரத்தில் குங்குமம் கொஞ்சம் இறங்கியிருந்தது. மகளுக்கு முதல் பல் வந்தபோது வாங்கி, கடினமாக இருக்குமோ என்று பயந்து பயன்படுத்தாமலே விட்ட குட்டி பிரஷ் ஒன்று இருந்தது. அதால் தேய்த்து எடுத்தேன். மாமியார் வாசலில் வந்து நின்றார்.

"ஏன் கண்ணு, எல்லாத்தயும் அழிச்சுப்போட்ட?"

அவர் முகம் வாடியிருந்தது. இரும்புப் பட்டையின் மேல் ஒரு பொட்டு மிச்சம் இருந்தது. அது வெறும் உலோகம். சூடு ஆற்றுவதற்காக வைத்தது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

"இது ஒண்ணு இருக்கட்டுமுங்க அத்தை. மத்ததெல்லாம் கரண்டு ஓடற எடம்."

"அப்படிச் சொல்லு" என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கணவர் அழைத்தார். காய்ச்சல் இல்லை, ஊசி போட்ட இடத்தில் வீக்கம் இல்லை என்று ஒப்பித்து முடித்தேன்.

"போர்டு வாங்கிட்டியா?"

"ஆச்சுங்க."

"எப்படி இருக்குது?"

"லட்சணமா இருக்குதுங்க" என்றேன். பொய்யில்லை.

சனிக்கிழமை நான் சேலம் போகவில்லை. போய் என்ன செய்வது? விசித்திரமாக இருந்தது. மாற்ற வழி இல்லை என்று ஆனதும், மூன்று வாரத்தில் முதல் முறையாக அந்த நோட்டை எடுத்துப் பார்க்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் வேறொரு பயம் உட்கார்ந்துகொண்டது. இது ஓடுமா? ஈரத் துணி எங்கெல்லாம் போயிற்றோ? அவர் வர இன்னும் ஆறே நாள். ஓடவில்லை என்றால் அந்த நாற்பது நாளும் காய்ச்சல், இட்லி, எடை என்று போய்விடுமே.

இரண்டு நாள் போதாதோ என்று நான்கு நாள் காய வைத்தேன். புதன்கிழமை மத்தியானம் மகள் தூங்கியதும் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். பிராசசரை வைத்து நெம்புகோலை அழுத்தும்போது கரக் என்று ஒரு சத்தம் வரும். அது சாதாரணம் என்று எத்தனை பேர் சொல்லியிருந்தாலும், எனக்கு உயிர் போய் வந்தது. மெமரி, விசிறி, கார்டு, ஒயர்கள். மாமியார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்சைப் போட்டேன். விசிறிகள் சுற்றின. பச்சை, நீலம், ஊதா என்று உள்ளே விளக்குகள் ஓடின. திரை மட்டும் கருப்பாகவே இருந்தது.

புதிய போர்டு முதல் முறை மெமரியைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், நடுவில் நிறுத்திவிடக் கூடாது என்று நான் படித்திருந்தேன். நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். இருந்தும் கை சுவிட்சுக்குப் போயிற்று.

"என்னாச்சு சாமி?"

"தெரியலீங்க அத்தை. படம் வரல. போச்சாட்ட இருக்குது."

"இப்பத்தான போட்ட. நம்ம தோட்டத்து மோட்டாரு சுவிட்சப் போட்டதும் தண்ணியக் கொட்டுதா? ஆயிரம் அடியில இருந்து ஏறி வர வேண்டாமா? கையை எடு."

எடுத்தேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். தொட்டிலில் மகள் புரண்டாள். மாமியார் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார், முருகனாகத்தான் இருக்கும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரை ஒரு தடவை சிமிட்டிவிட்டு, வெள்ளை எழுத்துகளைக் கொண்டுவந்து போட்டது.

"தண்ணி வந்துருச்சா?" என்றார் மாமியார்.

"வந்துருச்சுங்க அத்தை."

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். குளித்து, சாப்பிட்டு, மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் அறைக்குள் வந்து நின்றார். மேசை மேல் கம்ப்யூட்டர் விளக்குகளோடு ஓடிக்கொண்டிருந்தது. கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார்.

"இதென்ன, உள்ள பொட்டு?"

எல்லாவற்றையும் சொன்னேன். வைஃபை இல்லாத போர்டை வாங்கிவிட்டதையும், மாற்ற நினைத்ததையும், பூஜை நடந்துவிட்டதையும். அவர் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மகள் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"இன்டர்நெட் இல்லாம ஆட முடியாதுங்க. எல்லாம் என்னாலதான். வைஃபை உள்ளத எடுத்திருக்கணும்."

அவர் என் ஃபோனை வாங்கித் திரையை என் பக்கம் திருப்பினார். "இந்த ரூமுல வைஃபை எத்தன கோடு காட்டுது?"

ஒரு கோடு. அதுவும் வருவதும் போவதுமாக இருந்தது.

"நான் கூப்புடறப்பெல்லாம் நீ எங்க நின்னு பேசுவ?"

ஹாலில். எப்போதும் ஹாலில்தான். அறைக்குள் வந்தால் வீடியோ கால் அறுந்துவிடும். நடுவில் இருப்பது தாத்தா காலத்துக் கருங்கல் சுவர்; ஒன்றரை அடி கனம். வைஃபை போர்டு வாங்கியிருந்தால் அதுவும் இங்கே முழித்துக்கொண்டுதான் நின்றிருக்கும். இதை மூன்று வாரமும் தினமும் ஃபோனோடு ஹாலுக்கு நடந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நோட்டில் எழுதத் தோன்றவில்லை.

"கேபிளுதான் சரி. நீ எடுத்ததுதான் சரி" என்றார்.

"சுவரு?"

"ஏம்புள்ள, நான் என்ன தொழில் பண்றேன்?"

மறுநாள் காலையில் அவர் டிரில்லிங் மெஷினோடு மாமியார் அறைக்குள் நுழைந்தார். விளையாட்டுக்கு, உள்ளங்கையில் ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்து காட்டினார், நீரோட்டம் பார்ப்பது போல. மாமியார் தலையில் அடித்துக்கொண்டாலும் உள்ளே போய் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து, அவர் காட்டிய இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு பொட்டு வைத்தார். அந்தப் பொட்டின் நடுவில்தான் டிரில் இறங்கியது. மகள் காதைப் பொத்திக்கொண்டு என் பின்னால் நின்றாள். வெள்ளையாகக் கல்மாவு கொட்டியது.

"எத்தன அடிக்குடா தண்ணி?" என்று மாமியார் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"ஒண்ணரை அடிம்மா! நல்ல ஊத்து!"

இந்தப் பக்கச் சுவரிலும் ஒன்று போட்டார். மத்தியானத்துக்குள் நீலக் கேபிள் ஹாலிலிருந்து மாமியார் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து எங்கள் அறைக்கு வந்துவிட்டது. மகள் மாமியாரோடு படுத்துத் தூங்கிவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் இருவரும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தோம். கையில் ஆளுக்கொரு கன்ட்ரோலர். திரை இரண்டாகப் பிரிந்தது. மேல் பாதி அவருக்கு, கீழ்ப் பாதி எனக்கு. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு காரை எடுத்துவிட்டார். எனக்கு முன்னால் இருபது கார்கள் வரிசையாக நின்றன. ஒன்று வேகம், பிடிப்பு குறைவு. ஒன்றில் பிடிப்பு நன்றாக இருந்தது, ஆனால் கிளம்ப நேரமாகும். அங்கும் இங்கும் போய் வந்துகொண்டிருந்தேன்.

"ஒரு காரு எடுக்க இத்தன நேரமா புள்ள?"

"பாத்துட்டிருக்கேனுங்க."

"அம்மாவக் கூப்புடட்டுமா? ஒண்ணுக்குப் பொட்டு வெச்சுடச் சொல்லலாம்."

சிவப்புக் காரை எடுத்தேன். முதல் திருப்பத்திலேயே அது சுவரில் போய் மோதியது. "பிரேக்கப் புடி, பிரேக்கப் புடி!" என்று அவர் கத்தினார். "நீங்க மொதல்ல வழிய உடுங்க!" என்று நானும் கத்தினேன். அந்தப் பக்கம் மாமியார் இருமினார். கேபிள் போட்ட ஓட்டை வழியாக அது நன்றாகவே கேட்டது.